மழையில்லாத படத்தில் மழை

பழைய சினிமாப் படங்களைப் பாதுகாக்க ஒரு துறை உண்டு. படங்கள் கீழே கிடங்கில் புழுங்கிக்கொண்டிருக்கும். துறை மேல்மாடியில் குளுகுளுவென்று இருக்கும்.

அந்தக் கிடங்கில் ஒரு கறுப்பு வெள்ளைக் கொலைப்படம் கிடந்தது. வந்த வாரமே தியேட்டரை விட்டுத் தூக்கப்பட்ட படம். இருக்கும் ஒரே பிரதியும் அதுதான். அதில் கணவனைக் கொன்றுவிட்டுக் கண்ணாடி முன் நிதானமாகத் தலைவாரும் பெண்ணாக நடித்தவர், அந்த வாரம் பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்ததால் படத்தைப் பார்த்ததே இல்லை. இப்போது கண் மங்கிக்கொண்டு வருகிறது. பார்வை போவதற்குள் ஒரே ஒரு தடவை தன் முகத்தைத் திரையில் பார்த்துவிட வேண்டும் என்று, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மாடியேறினார்.

"சும்மாவெல்லாம் போட்டுக் காட்ட முடியாதும்மா," என்றார் அதிகாரி. "பின்னால வந்த டைரக்டர்கள்கிட்ட இந்தப் படத்தோட பாதிப்பு இருக்கணும். பாதிப்பு இல்லாத படத்தைத் தூசி தட்டக்கூட நிதி கிடையாது."

பாதிப்பு தேடப்பட்டது. அப்போது இருட்டான குற்றப்படங்களுக்கு 'நுவார்' என்ற வெளிநாட்டுச் சொல் புதிதாக வந்திறங்கியிருந்தது. பட்டப்பகலையும் இருட்டாக எடுத்து, ஆளுக்கொரு சிகரெட் கொடுத்தால் அந்தப் பெயர் கிடைக்கும். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டுத் திரிந்த ஐந்து டைரக்டர்களைத் துறை கேட்டது. ஐவரும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சினிமாவுக்கே வந்ததாக நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்கள்.

"அந்த மழை சீன்! ரத்தத்துல ஊறிப்போச்சு சார்," என்றார் ஒருவர். மற்ற நால்வருக்கும் உடனே அதே மழை ஞாபகம் வந்தது.

நடிகை குழம்பினார். "மழையா? ஒரு சொட்டு கிடையாதே சார். ஷூட்டிங் பூரா கொளுத்துற வெயில்."

"அம்மா, அஞ்சு பேர் படத்துலயும் மழை இருக்கு. அஞ்சும் உங்க படத்துலேருந்து வந்தது. உங்க படத்துல மழை இல்லைன்னா தப்பு யார் மேல?"

"யார் மேல?"

"படத்து மேல. திருத்திடலாம்."

மீட்டெடுப்புப் பணி போர்க்கால அடிப்படையில் தொடங்கியது. கம்ப்யூட்டரில் அடைமழை பெய்தது. மக்கள் பணத்தில் துடைத்த படத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் ஆடிட்டில் ஆட்சேபணை வரும் என்று வெளிச்சம் கூட்டினார்கள். வெளிச்சமாக இருந்தால் அது நுவாரே இல்லை என்று மேலிடம் முறைத்ததால் மறுபடி இருட்டாக்கினார்கள். இரண்டுக்கும் தனித்தனி டெண்டர். ஐவரின் படங்களிலும் கொலைகாரி முதுகை மட்டும் காட்டுவாள். ஆகவே, மூலப்படத்துக்குப் பொருந்தவில்லை என்ற காரணத்தால், கண்ணாடிக் காட்சி மூலப்படத்திலிருந்தே நீக்கப்பட்டது.

திரையிட்ட அன்று அரங்கில் எள் விழ இடமில்லை. நடிகை கண்ணை இடுக்கி மழைக்குள் தன்னைத் தேடினார்.

"நான் எங்கேடி வர்றேன்?"

"இப்போ போனது நீதாம்மா."

"அது முதுகுடி."

படம் முடிந்தது. கைதட்டல் ஓயவில்லை. "அன்னைக்குப் பார்த்த மாதிரியே இருக்கு!" என்று ஐந்து டைரக்டர்களும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதிகாரி மைக்கைப் பிடித்தார். "இந்தக் காவியத்தின் நாயகி இன்று நம்மிடையே இல்லை..."

"இருக்காங்க சார்! இதோ!" என்று மகள் கத்தினாள்.

அதிகாரி மைக்கைப் பொத்திக்கொண்டார். "காலமாயிட்டாங்கன்னு அஞ்சு டைரக்டர்களும் சொல்லிட்டாங்க. நீங்க ஒரு ஆளா மாத்திச் சொன்னா நான் எப்படிம்மா எடுத்துக்க முடியும்?"

மௌன அஞ்சலிக்கு அரங்கமே எழுந்தது. உட்கார்ந்தே இருந்த கிழவியைப் பக்கத்து இருக்கைக்காரர் முழங்கையால் இடித்தார். "எந்திரிங்கம்மா! செத்தவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

நடிகை மகளின் தோளைப் பிடித்து எழுந்தார்.

"நில்லுடி," என்றார். "பாவம், யார் பெத்த பொண்ணோ."