ரூசாவும் ரோசாவும்

எனக்கு இரண்டு தாரம். இதை நானாக வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. என் மனைவி பாக்கியம்தான், வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பி கொடுக்கிற கையோடு சொல்லிவிடுவாள். "நான் இளையதாரம்லா. மூத்தவ சுபாங்ல இருக்கா." வந்தவர்கள் காப்பியைக் குடிப்பதா வைப்பதா என்று தெரியாமல் என்னைப் பார்ப்பார்கள். நான் கூரையைப் பார்ப்பேன்.

எல்லாம் மலாய் நாட்டில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், என் அண்ணன் கல்யாணத்தன்று நடந்தது. எனக்கு வயது இருபத்திரண்டு. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கிராணி. (குமாஸ்தாதான். ஆனால் கிராணி என்று சொன்னால் முதுகு தானாக நிமிரும்.) அண்ணனுக்குக் கிள்ளானில் பெண். பெண்ணின் அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தவர், மகா முன்கோபி. காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் முகூர்த்தம். "அது தவறினா அடுத்த நல்ல நாளு ரெண்டு மாசம் கழிச்சுத்தான். அதுக்குள்ள எம் பொண்ணுக்கு வேற இடம் வந்தா நான் பொறுப்பில்ல" என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். அண்ணிக்கு ஒரே ஒரு ஆசை. நகை, புடவை எதுவும் கேட்கவில்லை, மாலை மட்டும் ரோசா மாலையாக இருக்க வேண்டும் என்றார். நம் ஊர் வெயிலில் ரோசாவுக்கு எங்கே போவது? பிரிக்பீல்ட்ஸ் பூக்கட்டுகிறவர், ஒரு துரை பங்களாத் தோட்டக்காரனைப் பிடித்து, எப்படியோ இரண்டு மாலைக்குப் பூ தேற்றிவிட்டார். அண்ணன் முதல் நாளே எல்லோருடனும் கிள்ளானுக்குப் போய்விட்டார். விடியற்காலையில் மாலைகளை வாங்கிக்கொண்டு முதல் ரயிலில் வருவது என் வேலை.

ரயிலில் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பெண்ணின் தங்கை ஒருத்தி இருந்தாளே! நிச்சயதார்த்தத்தன்று என்னை மேலும் கீழும் பார்த்து, "இவர்தான் தம்பியா? காத்தடிச்சா பறந்துடுவாரு போல" என்று என் காதில் விழும்படியே சொன்னவள். அவள்தான் பாக்கியம். அவள் வாசலில் மோட்டார் சைக்கிளில் டடடட என்று போய் இறங்கினால் எப்படி இருக்கும்? இந்த ஒரு படம்தான் பத்து நாளாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர். கேட்டதும் வண்டியைக் கொடுத்தார். "தம்பி, கவனமாக ஓட்டும். பிரேக் பிடிக்கும், பிடியாமல் விடாது. ஆனால் கொஞ்சம் யோசிச்சுப்போட்டுத்தான் பிடிக்கும்" என்றார்.

அடுத்து, மாலையை எங்கே வைப்பது? பின்னால் கட்டினால் நசுங்கிவிடும். கைப்பிடியில் தொங்கவிட்டால் சக்கரத்தில் மாட்டும். வேறு வழியில்லாமல் இரண்டையும் என் கழுத்திலேயே போட்டுக்கொண்டேன். சரிகை வேட்டி, கோட்டு, இரண்டு ரோசா மாலை. இப்படி ஒரு ஆள் விடியற்காலையில் தனியாக மோட்டார் சைக்கிளில் போனால் ஊர் என்ன நினைக்கும்?

ஊர் தாண்டியதும் ரப்பர்க் காடு. அந்தக் காலைப் பனியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. மரங்களுக்கு அடிப்பாகம் மட்டும் தெரிந்தது, மேலே எல்லாம் வெள்ளை. வண்டிச் சத்தம்கூட எங்கோ தூரத்தில் வேறு யாரோ ஓட்டுகிற மாதிரி கேட்டது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற பெண்கள் தலையில் விளக்கோடு வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி சத்தமாகவே கேட்டாள்: "ஏண்டி, இந்த மாப்பிள்ள பொண்ணத் தேடி ஓடுறாரா, பொண்ணு வேணாம்னு ஓடுறாரா?" மற்றவர்கள் சிரித்த சிரிப்பு பனிக்குள் வெகுநேரம் கூடவே வந்தது. எனக்குக் கோபமே வரவில்லை. மூக்குக்குக் கீழே ரோசா வாசனை, கண்ணுக்குள் பாக்கியம். நான்தான் மாப்பிள்ளை என்று கொஞ்சம் கொஞ்சமாக நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் அது பாதைக்கு வந்தது.

பெண்மான். நல்ல உயரம். பாதை நடுவில் நின்று தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அவசரமே இல்லாத பார்வை. நான் பிரேக்கை அழுத்தினேன். பிரேக் யோசித்தது. நானும் மானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நெருங்கினோம். கடைசி நொடியில் அது எழும்பித் தாவ, நான் வண்டியோடு சரிய, அதன் தலை நேராக என் நெஞ்சுக்கு வந்தது. அப்புறம் ஒரே பனி, ஒரே புழுதி.

கண்ணைத் திறந்தபோது நான் ஓடையில் கிடந்தேன். கழுத்தில் ஒரு மாலைதான் இருந்தது. இன்னொன்று மானின் கழுத்தில்! எனக்குச் சத்தியம் செய்யத் தெரிந்த எல்லாத் தெய்வத்தின் மேலும் சத்தியமாக, கோணாமல், கல்யாணப் பெண்ணுக்குப் போட்டது போலவே விழுந்திருந்தது. அது ஒரு தடவை உடம்பை உதறியது. நொண்டவில்லை, நல்லவேளை. மாலையோடு மெல்ல நடந்து மரங்களுக்குள் போனது. வெள்ளைக்குள் சிவப்பு கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. ஓடிப்போய்ப் பிடித்திருக்க வேண்டும். நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு அழகு, என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

வண்டியின் முன்சக்கரம் எட்டு மாதிரி வளைந்திருந்தது. அப்போது கிள்ளான் பாசாருக்கு (சந்தைதான்) வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஒரு மலாய்க்காரர் சைக்கிளில் வந்தார். அவரிடம் கல்யாண வீட்டு அடையாளம் சொல்லி, நடந்ததைச் சொல்லச் சொன்னேன். மலாயில் மானுக்கு ரூசா. ஆனால் என் நெஞ்சு முழுக்க ரோசா. வாயில் வந்ததும் "ரோசா! ரோசா!"தான். மலாயில் 'ரோசாக்' என்றால் கெட்டுப்போனது, உடைந்தது. அவர் என் மாலையைப் பார்த்தார், என் கோலத்தைப் பார்த்தார், மிகுந்த துக்கத்தோடு தலையாட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

கல்யாண வீட்டில் நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நல்ல மனிதர் பந்தலுக்குள் வந்து பெண்ணின் அப்பாவான மாமாவிடம், "உங்க மாப்பிள்ளை வழியில ரோசாக்" என்று சொல்லியிருக்கிறார். மாமா மணவறையில் உட்கார்ந்திருந்த என் அண்ணனைப் பார்த்தார். "மாப்பிள்ள வழியில கிடக்குறாருன்னா, இங்க உக்காந்திருக்கிறது யாரு?" அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுக்க, "எழுந்திரிடா!" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாராம். பெண் வீட்டில் ஒரே அழுகை. ஆள்மாறாட்டம் என்கிறார் ஒருவர், முதல் பெண்டாட்டி தடுத்துவிட்டாள் என்கிறார் இன்னொருவர்.

எட்டரை மணிக்கு ரப்பர் ஷீட் ஏற்றிய லோரியில் நான் போய் இறங்கினேன். (அந்த நாற்றத்தைப் பற்றிச் சொன்னால் நீங்கள் படிப்பதை நிறுத்திவிடுவீர்கள்.) உடம்பெல்லாம் சேறு, கழுத்தில் ஒற்றை மாலை. பந்தலே என் பக்கம் திரும்பியது.

"இன்னொரு மாலை எங்கடா?" என்றார் அண்ணன்.

"மான் போட்டுக்கிட்டுப் போயிருச்சுண்ணே."

அண்ணன் என்னை அடிக்காதது அவருடைய பெருந்தன்மை. மாமா, "குடிச்சிருக்கான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒற்றை மாலையை வைத்துக்கொண்டு எப்படி மாலை மாற்றுவது? என்னால் அண்ணன் கல்யாணம் நின்றுவிடப் போகிறது என்று நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அழுதேன்.

பாக்கியம்தான் முன்னால் வந்தாள். என் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினாள். கீழே உட்கார்ந்து வாழைநாரைப் பிரித்து, சேறு பட்ட பூக்களை ஒதுக்கி, மிச்சத்தை இரண்டு சின்ன மாலையாகக் கட்ட ஆரம்பித்தாள். கை தன் பாட்டுக்கு ஓட, தலை நிமிராமல் என்னிடம் கேட்டாள்:

"மாலை போட்டதும் அந்த மான் எப்படி இருந்துச்சு?"

அந்தப் பந்தலில் என்னை நம்பியவள் அவள் ஒருத்திதான்.

"ரொம்ப அழகா இருந்துச்சுங்க."

"உங்க கழுத்துல ஒண்ணு, அது கழுத்துல ஒண்ணு. அப்ப மாலை மாத்திக்கிட்டீங்க!"

முதலில் சிரித்தது மணப்பெண். பிறகு மாமாவே சிரித்துவிட்டார். ஒன்பது அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அண்ணன் தாலி கட்டினார். கல்யாணப் போட்டோவில் இரண்டு பேர் மாலையும் நெஞ்சுக்குழியோடு நின்றுவிடும். பார்க்கிறவர்கள் கஞ்சத்தனம் என்று நினைப்பார்கள்.

மறு வருஷம் பாக்கியத்தைக் கேட்டு எங்கள் வீட்டார் போனபோது, அவள் ஒரு நிபந்தனைதான் போட்டாள். மூத்தவள் சம்மதிக்க வேண்டுமாம்.

இப்போது அந்த ரப்பர்க் காட்டில் சுபாங் ஜெயா வந்துவிட்டது. வரிசை வரிசையாக வீடு, கடை, கார். மகன் எங்களைக் கிள்ளானுக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் அந்த இடம் வந்ததும் பாக்கியம் என் தோளைத் தட்டுவாள். "மூத்தவ வீடு வருது. சட்டையைச் சரிபண்ணிக்குங்க."

மகன் சிரிப்பான், பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் முறைப்பேன். பிறகு யாருக்கும் தெரியாமல் காலரைச் சரிபண்ணிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.