வாசலில் அசைவு

காரை எடுக்க வந்த செய்தி வாசிப்பாளர் கேட்டைத் திறந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். குறுக்கே அதே சிவப்பு ஸ்கூட்டர். பூட்டியிருந்தது. ஆளைக் காணோம்.

"எவன்டா அவன், தினமும் என் வாசல்லயே கொண்டுவந்து விடறவன்!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். டாக்ஸி பிடித்து, வானொலி நிலையத்தின் படிகளைத் தாவி ஏறி, மைக் முன்னால் விழுந்தார். அன்றைய காலைச் செய்தி முழுவதும் மூச்சிரைப்போடுதான் போயிற்று.

நிலைய இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னொரு தடவை லேட்டானா காலைச் செய்தி வேற ஆளுக்குப் போயிடும். நீங்க சாயங்காலம் காய்கறி விலை நிலவரம் வாசிக்கலாம்."

ஊரையே எழுப்பிவிடும் குரல் வெங்காய விலை சொல்வதா?

வீட்டில் மச்சினன் காத்திருந்தான். மனைவியின் தம்பி. எதையும் கழற்றத் தெரிந்தவன். மாட்டுவதுதான் கொஞ்சம் தகராறு.

"கேமரா வச்சு ஆளைக் கையும் களவுமாப் பிடிச்சிடலாம், மாமா. ரெக்கார்டர்னு தனியா எதுக்கு வாங்கணும்? பரண் மேல ஒரு பழைய கம்ப்யூட்டர் தூங்குதே, அதுல கேமராப் படத்தை வாங்கிக்கிற ஒரு கார்டைச் சொருகி, பெரிய ஹார்டு டிஸ்க்கா ஒண்ணு போட்டா அதுவே ரெக்கார்டர்!"

"ஏங்க, ஒரு நாள் வாசல்ல நின்னு வாயால சொல்லிப் பாக்கக்கூடாதா?" என்றாள் மனைவி.

"உனக்குத் தெரியாது. ஆதாரம் வேணும், ஆதாரம்!"

ஞாயிற்றுக்கிழமை வீடு அமளி துமளிப்பட்டது. எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு மேஜையில் நாலு ஸ்க்ரூ மிச்சம் கிடந்தது.

"கூடுதலாக் குடுத்திருப்பாங்க, மாமா" என்று மச்சினன் அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வயர் படுக்கையறை வரைதான் எட்டியது. ஆகவே கம்ப்யூட்டரும் அங்கேயே குடியேறியது. அதன் விசிறி போட்ட இரைச்சலில் மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

காலையில் வாசலில் ஒரு வண்டி நின்றது. ஆவலோடு பதிவைப் போட்டுப் பார்த்தார். எதிர் வீட்டு மரம் ஆடிக்கொண்டே இருந்தது. மரம் ஆடியதிலேயே டிஸ்க் நிரம்பி, வண்டி வரும் முன்பே ரெக்கார்டர் நின்றுவிட்டிருந்தது.

"இத்தனை நாள் சிவப்பு, இன்னைக்கு நீலம். நான் கேமரா வச்சதைப் பாத்து வண்டியையே மாத்திட்டான் பாரு, கில்லாடி!" என்று பல்லைக் கடித்தார்.

மச்சினன் வழி கண்டுபிடித்தான். ஏதாவது அசைந்தால் மட்டும் பதிவாகும். உடனே போனுக்குச் செய்தியும் வரும். வந்தது. பூனை போனால் 'வாசலில் அசைவு'. காகிதம் பறந்தால் 'வாசலில் அசைவு'. மனைவி பெருக்கினால் 'வாசலில் அசைவு'. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கை சாப்பிட, ஒரு கை போனைத் தடவியது.

ஸ்டுடியோவுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அவர் கொண்டுபோனார். வாசிக்க வேண்டிய தாளுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வாசித்தார். ஊரே கேட்டது:

"புதிய பாலத்தைத் திறந்து வைத்துப் பேசிய போக்குவரத்து அமைச்சர், வாசலில் அசைவு."

இயக்குநர் வந்தார். எச்சரிக்கையாகக் காய்கறி விலைப் பட்டியலை இவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவருக்கு நிலைகொள்ளவில்லை. படம் இருட்டாக இருக்கிறதென்று வாசலுக்குப் பெரிய விளக்கு போட்டார். மறுநாள் மூன்று வண்டிகள் நின்றன. 'இந்த இடம் முழு நேரக் கண்காணிப்பில் உள்ளது' என்று பலகை மாட்டினார். அடுத்த நாள் ஆறு.

"கூட்டாளிங்களையும் சேத்துக்கிட்டான்!" என்று கொதித்தார். "என்னைப் பழி வாங்கறான்."

"உங்க குரலையே பதிவு பண்ணி ஸ்பீக்கர்ல விடுவோம், மாமா. ஆள் வந்தா அதட்டும். ஓடிடுவானுங்க."

அதட்டத்தான் நினைத்தார். பழக்கதோஷம், மைக்கைப் பார்த்ததும் குரல் குழைந்துவிட்டது. "வணக்கம். இந்த வாசல் இரவும் பகலும் பதிவு செய்யப்படுகிறது. உங்கள் வண்டி எங்கள் பார்வையில் இருக்கிறது" என்று கணீரென்று வந்தது. பால்காரருக்கு வணக்கம், பூனைக்கு வணக்கம், தெரு நாய்க்கும் வணக்கம்.

அடுத்த நாள் காலையில் கேட்டைத் திறந்தார். ஒரு விரல் நுழைய இடமில்லை. தெருமுனை வரை வண்டிகள் வரிசையாக நின்றன. கூப்பிட்ட டாக்ஸி உள்ளே வர முடியாமல் முனையிலேயே ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டது. அவர் ஒவ்வொரு வண்டியாகத் தள்ளிப் பார்த்தார். எல்லாம் பூட்டியிருந்தன. சட்டை நனைந்து, கண்ணில் தண்ணீர் முட்டியது.

அந்த நேரத்தில் ஒரு பெண் மொபெட்டில் வந்து, இருந்த கொஞ்சநஞ்சச் சந்திலும் அதைச் செருகி, பூட்டி, பஸ்ஸுக்கு ஓடப் போனாள். "வணக்கம்" என்றது ஸ்பீக்கர். அவளும் அதற்கு ஒரு வணக்கம் போட்டாள்.

பாய்ந்து போய் மறித்தார்.

"நில்லும்மா! கேமரா, லைட்டு, போர்டு, இவ்வளவு இருக்கே, கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சுதானே சார் வர்றேன்!" என்றாள் அவள், மரியாதையாக.

பக்கத்து வீட்டு வானொலியில் காலைச் செய்திக்கான இசை முடிந்தது. வேறொரு குரல் வணக்கம் சொல்லிச் செய்தியைத் தொடங்கியது. அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என் பொழைப்பே போச்சும்மா. உங்க தலைவன் யாரு? அந்தச் சிவப்பு ஸ்கூட்டர்காரன், அவன் எங்கே? அதை மட்டும் சொல்லு."

அவள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடியே சொன்னாள்:

"அவரா? நீங்க கேமரா மாட்டறதுக்கு முந்தின நாளே வேற ஊருக்குக் குடி போயிட்டாரே சார், நாங்கல்லாம் கேமராவை நம்பி வந்தவங்க!"