சேர்வேயர் அண்ணையின் வடக்கு

இத்தாலியின் பலேர்மோவில் வழி தெரியாமல் தொலைந்த தமிழரைவிட, சேர்வேயர் அண்ணையிடம் வழி கேட்டுத் தொலைந்த தமிழரே அதிகம். தொண்ணூறுகளில் அந்த நகரத்தில் வாழ்ந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கவென்று பொலிஸ் தலைமையகமான க்வெஸ்தூராவுக்குப் புறப்பட்டு மீன்சந்தையில் போய் நின்றவர், வீட்டுவேலை கேட்கப் போய் மயானத்து வாசலில் மணியடித்தவர் என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். என்னிடம் மூன்று இருக்கின்றன. அவற்றில் பெரியதைச் சொல்கிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் பெர்மெஸ்ஸோவில் மட்டும்தான் இருந்தது. ஊர் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை. அங்கே நில அளவைக்காரர் ஒருவருக்குப் பதினொரு நாள் அளவைச் சங்கிலி பிடித்திருக்கிறார். பன்னிரண்டாம் நாள் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அந்தப் பதினொரு நாளை வைத்துக்கொண்டு உலகம் முழுவதையும் அளந்து முடித்த மனிதர் அவர். கேட்காதவருக்கும் வழி சொல்வார். வீட்டுக்குள் நின்றுகொண்டு, கண்ணை மூடி, ஒரு விரலை உயர்த்திச் சொல்வார்.

யாழ்ப்பாணத்தவர் வழி சொல்லும்போது இடம், வலம் பார்ப்பது குறைவு. வடக்காலை போய்க் கிழக்காலை திரும்பு என்றுதான் வாயில் வரும். பலேர்மோவுக்கு வந்த இரண்டாம் மாதமே நாங்கள் திசைகளைக் கைவிட்டு பஸ் நம்பருக்கு மாறிவிட்டோம். சேர்வேயர் மாறவில்லை.

வவுனியாப் பக்கத்தில் வயல் செய்த கமக்காரர் ஒருவருக்கு, வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, ஒருநாள் பின்னேரம் நாப்போலிக் கப்பலைப் பிடிக்க வேண்டியிருந்தது. பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் அறையில் சேர்வேயர் கண்ணை மூடினார்.

"படியாலை இறங்கி நேரை வடக்காலை நடவும். பத்து நிமிஷம். கப்பல் மூக்கிலை முட்டும்."

கமக்காரர் சூரியனைப் பார்த்துத் திசை பிடிக்கத் தெரிந்தவர். வடக்கே நடந்தார். நடந்துகொண்டே இருந்தார். கப்பல் புறப்பட்ட நேரம் அவர் சாந்தா ரொசாலியாவின் கோயில் மலையில் பாதி ஏறியிருந்தார். அங்கிருந்து பார்க்கக் கப்பல் மிக அழகாக இருந்ததாம். பாவம், அவருக்குச் சரியான வடக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அவர் விட்ட பிழை.

மறுநாள் நியாயம் கேட்க வந்தார்.

"அண்ணை, காலமையிலை சூரியன் கடலுக்குள்ளாலைதானே வருது? அப்ப கடல் கிழக்கெல்லோ?"

"எட தம்பி, இந்த நாட்டிலை எது வரவேண்டிய பக்கத்தாலை வருது? பஸ் வருதோ? கடிதம் வருதோ? சூரியன் மட்டும் ஒழுங்கா வருமெண்டு நினைக்கிறீரோ?"

அறை முழுவதும் சிரித்தது. சேர்வேயருடைய பலமே இதுதான். சரியாகச் சொல்கிறவனைச் சிரிப்புக்கு இடமாக்கிவிட்டுத் தான் பிழையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். நாங்களும் சிரித்துவிட்டு அவர் பின்னால் போவோம். யாரை நொந்துகொள்வது?

பொங்கலுக்கும் அவர்தான் திசை குறித்தார். மொட்டை மாடியில் பானை வைத்து, "இதுதான் கிழக்கு, எல்லாரும் இஞ்சாலை பார்த்துக் கும்பிடுங்கோ" என்பார். கும்பிட்டோம். சூரியன் எங்கள் இடது காதைச் சுட்டுக்கொண்டிருந்தது. நேர் எதிரே சிஞோரா என்று நாங்கள் அழைக்கும் இத்தாலிய அம்மா ஒருவரின் கொடியில் காய்ந்த உடுப்புகள்தான் தெரிந்தன. ஏழு வருடம் நாங்கள் சூரியனுக்கென்று படைத்ததெல்லாம் அந்த உடுப்புகளுக்கே போனது. சிஞோரா மட்டும் வருடாவருடம் நல்ல நிறமாக வந்தார்.

சேர்வேயர் வேலை செய்த வீட்டில் ஒரே ஒருவர்தான். ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியர், எழுபதைத் தாண்டியவர், மனைவி இல்லை, மகள் இரண்டு தெரு தள்ளி. புரொபெசோரே என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். சமையல், துவையல், தூசு தட்டல் எல்லாம் சேர்வேயர். இரண்டு பேருக்கும் நாள் முழுக்கச் சண்டை. உப்புக்குச் சண்டை, ஜன்னல் திறந்தால் சண்டை, மூடினால் சண்டை. மாதத்தில் மூன்று தடவை புரொபெசோரே இவரை வேலையிலிருந்து நிறுத்துவார். நிறுத்திய வாயாலேயே இரவுக்கு என்ன சமையல் என்று கேட்பார். இவரும், "நான் போறன், நீங்களே சமையுங்கோ" என்று தமிழில் கத்திவிட்டு, சமையல் என்னவென்பதை இத்தாலிய மொழியில் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புரொபெசோரே தனியாக மலையேறப் போவார். நகரத்துக்கு மேற்கே மொட்டை மலைகள் நிற்கின்றன. ஆகஸ்ட் மாதத்தில் அது சுத்தப் பாலைவனம். வெள்ளைக் கல், முள், வெயில், வேறொன்றும் இல்லை. எங்களுக்கு அந்த மலையில் ஒரு சொந்தம் உண்டு, நல்ல ஆடு விற்கும் இடையன் ஒருவன். கூரை விழுந்த கல்வீடு ஒன்றிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் அவனுடைய பட்டி. பட்டிக்குப் பக்கத்தில் கல்லுக்குள்ளால் ஊறும் சுனை. அந்த மலையிலேயே எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் அது ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை சேர்வேயர் புரொபெசோரேயிடம் அந்தச் சுனையைப் பற்றிச் சொல்லிவிட்டார். புரொபெசோரே கேட்கவில்லை. இவர் சொன்னார். கிழவர் ஆசையோடு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். சுனை இருக்கிறதுதானே என்று ஒரே ஒரு போத்தல் தண்ணீரோடு ஞாயிறு காலை புறப்பட்டார். திரும்பி வரவில்லை.

திங்கள் விடியவே மகள் சேர்வேயரிடம் ஓடி வந்தார். சேர்வேயர் எங்களிடம் ஓடி வந்தார். நாங்கள் வேலை செய்யும் வீட்டுச் சிஞோராக்கள் கடற்கரை வீடுகளுக்குப் போய்விட்ட மாதமாதலால் எங்களுக்கு வேலை குறைவு. பதினெட்டுப் பேர் சேர்ந்தோம்.

அந்தத் தேடுதல் படையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் கலியாணச் சப்பாத்தோடு வந்தார், வேறு சப்பாத்து இல்லை. ஒருவர் தன் முதலாளியின் பனிச்சறுக்குக் கண்ணாடியைப் போட்டிருந்தார். ஏழு பேர் சோற்றுப் பார்சல் கட்டி வந்திருந்தார்கள். மேலே எங்களுக்கு முன்பே தீயணைப்புப் படையும் மலைக்கழகத் தொண்டர்களும் கயிறு, கொளுக்கி, வானொலிப் பெட்டியோடு நின்றார்கள். கராபினியேரிப் பொலிஸார் இருவரைக் கண்டதும் பெர்மெஸ்ஸோ இல்லாத எங்கள் ஆட்கள் இருவர் உடனே தேடத் தொடங்கிவிட்டார்கள், மலையின் மறுபக்கத்தில். மலைக்கழகத்துக்காரர் ஒருவர் பேசிக்கொண்டே தன் பையைக் கமக்காரரிடம் நீட்டினார். பழக்கதோஷம். கமக்காரர் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அதுவும் பழக்கதோஷம்தான்.

சேர்வேயர் நேரே தலைவரிடம் போனார். தலைவர் பெரிய மீசைக்காரர், தீயணைப்புப் படை. எனக்கு இத்தாலிய மொழி கொஞ்சம் திருத்தமாக வரும் என்பதால் நான் மொழிபெயர்ப்பாளன்.

"நான்தான் புரொபெசோரேக்கு வழி சொன்னனான் எண்டு சொல்லும். சேர்வேயர் எண்டும் சொல்லும். என்ரை பின்னாலை வந்தால் அரை மணித்தியாலத்திலை ஆள் கையிலை."

பின்னால் போனோம். கல்வீட்டிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தார். சுனைக்கு ஒழுங்காகவே கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே இடையன் இருந்தான், ஆடுகள் இருந்தன. புரொபெசோரே இல்லை. நேற்று முழுக்க ஒருவரும் வரவில்லை என்றான் இடையன். வழியில் விழுந்திருக்கலாம் என்று வந்த பாதை முழுக்கத் தேடினோம். ஒவ்வொரு முள்ளையும் விலக்கிப் பார்த்தோம். பகல் பன்னிரண்டு ஆனது. எங்களுக்கே நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கிழவருக்கோ இது இரண்டாம் நாள்.

தலைவர் எல்லோரையும் கல்வீட்டடிக்குத் திருப்பி அழைத்தார். தேடுதலைத் தெற்குச் சரிவுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். போகுமுன், கிழவரிடம் சரியாக என்ன வார்த்தை சொன்னீர்கள் என்று கேட்டார்.

"கல்வீட்டிலை இருந்து நேரை வடக்காலை இருவது நிமிஷம்," என்றார் சேர்வேயர்.

நான் மொழிபெயர்த்தேன். தலைவர் வரைபடத்தைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சுனை கிழக்கே அல்லவா இருக்கிறது?" என்றார். என் இத்தாலிய மொழியில்தான் பிழை என்று நினைத்தேன்.

"அண்ணை, வடக்கெண்டோ சொன்னனீங்கள்?"

"ஓம். வடக்கு. கடல் பக்கம்."

"கடல் வடக்கோ?"

"பருத்தித்துறையிலை கடல் எந்தப் பக்கம்?"

"வடக்கு."

"அப்ப என்ன விசர்க் கேள்வி கேக்கிறீர்? கடல் இருக்கிற பக்கம்தான் வடக்கு."

ஏழு வருடம். மீன்சந்தை, மயானம், போன கப்பல், காய்ந்த உடுப்புகள், எல்லாம் ஒரு நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. இந்த மனிதர் பருத்தித்துறைக் கடலைப் பெட்டிக்குள் மடித்து வைத்துக் கொண்டுவந்து பலேர்மோவில் விரித்திருக்கிறார். பலேர்மோவின் கடல் கிழக்கே கிடக்கிறது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

தலைவர் தன் கொம்பாசை எடுத்து நீட்டினார். முள் கடலைக் காட்டவில்லை. இடது பக்கம், நாங்கள் யாரும் திரும்பியும் பார்க்காத ஒரு கல்லுப் பிளவைக் காட்டியது. சேர்வேயர் குனிந்து பார்த்தார்.

"இந்த மலையிலை இரும்புக்கல்லு இருக்கு. முள்ளை இழுக்குது."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. தலைவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"அண்ணை, புரொபெசோரேயிட்டைக் கொம்பாஸ் இருக்கோ எண்டு கேக்கிறார்."

சேர்வேயரைச் சுற்றிப் பதினாறு தமிழர் நின்றார்கள், அவர்களில் கமக்காரரும் ஒருவர். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், கிழவர் தானாகவே வழி தவறினார் என்றாகி அவருடைய வடக்கு தப்பிவிடும். நாங்கள் தெற்குச் சரிவுக்குப் போய்விடுவோம். அவர் சொல்லிவிடுவார் என்றே நான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

"இருக்கு," என்றார். "பித்தளைக் கொம்பாஸ். சனிக்கிழமை சனிக்கிழமை நான்தான் மினுக்கிறனான். முள்ளுப் பிழையாக் காட்டுது, பழுதாப்போன சாமான் எண்டு நினைச்சுக்கொண்டே ஏழு வருஷமா மினுக்கிறன்."

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் கேளுங்கோ. என்ரை வடக்குப் பிழை. அந்த மனிசன் உண்மையான வடக்காலை போட்டுது. வாங்கோ."

இப்படி ஒரு நாளுக்காக ஏழு வருடம் காத்திருந்தவர்கள் நாங்கள். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கமக்காரர்தான் முதலில் நடந்தார், தோளில் இன்னும் அந்தப் பையோடு.

பிளவுக்குள் இறங்கி அரைமணி நேரம் போயிருக்கும். கலியாணச் சப்பாத்துக்காரர் கத்தினார். தூரத்தில் ஒரு பாறைக்குக் கீழே ஏதோ பளிச் பளிச்சென்று மின்னியது. புரொபெசோரே கொம்பாசின் மூடியைச் சூரியனுக்குக் காட்டி ஆட்டிக்கொண்டிருந்தார். அது சனிக்கிழமை மினுக்கிய மினுக்கல்.

கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. உதடு வெடித்திருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"சுனை எங்கேயடா, கழுதை?"

சேர்வேயர் பக்கத்தில் முழங்காலில் உட்கார்ந்து, அவர் தலையைத் தாங்கி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பருக்கினார். தண்ணீரில் பாதி நிலத்தில் சிந்தியது.

"கிழக்கை, புரொபெசோரே," என்றார். "சுனை கிழக்கை இருக்கு."

ஏழு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சரியான திசை அது. அதைச் சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதார். புரொபெசோரே அந்த இடத்திலேயே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். ஸ்ட்ரெச்சரில் தூக்கி வைத்த பிறகு, இரவுக்கு என்ன சமையல் என்று கேட்டார்.

இதற்குப் பிறகு நாங்கள் பெருந்தன்மையாக நடந்துகொண்டோம் என்று எழுத ஆசைதான். மலையை விட்டு இறங்கியதுமே அந்தப் பெருந்தன்மை போய்விட்டது. யாரோ அவருடைய கதவில் சோக்கட்டியால் ஓர் அம்புக்குறி கீறி "வடக்கு" என்று எழுதினார்கள். கையெழுத்து என்னுடையது போல இருந்ததாகச் சொன்னார்கள். அடுத்த பொங்கலுக்குச் சரியான கிழக்கைப் பார்த்துக் கும்பிட்டோம். கண் கூசியது, ஒருவருக்கும் மனம் ஒட்டவில்லை. சேர்வேயர் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வழி சொல்வதையே விட்டுவிட்டார். கேட்டால், "எனக்குத் தெரியாது தம்பி, ஆரும் தெரிஞ்ச ஆளைக் கேளும்" என்பார். ஒருவரும் தொலையவில்லை. எல்லோரும் நேரத்துக்குப் போனார்கள், நேரத்துக்கு வந்தார்கள். அறையில் சிரிப்புச் சத்தமே இல்லை. எனக்குத் தாங்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அவர் புரொபெசோரே வீட்டு வாசலில் தூசு தட்டிக்கொண்டு நின்றார். போய் நின்று, துறைமுகத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். அங்கிருந்து பார்த்தால் தெருவின் கடைசியில் கப்பலின் புகைக்குழாயே தெரியும். என்னை மேலும் கீழும் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். மெல்லக் கண்ணை மூடி, விரலை உயர்த்தினார்.

"கிழக்காலை போம், தம்பி," என்றார். கண்ணைத் திறந்து, கையால் தெற்குப் பக்கத்தை, ஏழு வருடம் நாங்கள் கிழக்கென்று பொங்கல் கும்பிட்ட அதே பக்கத்தைக் காட்டினார்.

அவர் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று தெரியும். அதனால் தெரு திரும்பும் வரைக்கும் தெற்கே நடந்தேன்.