மாதா சேலைக்கு ஒரு கெர்னல்

மாதா துணை. உங்கள் வீட்டுப் பக்கம் பெருமாளும் துணை.

ஜீவனஹள்ளி,
செவ்வாய் மாலை

பெருமதிப்புக்குரிய சம்பந்தி பெருமாள்சாமி அவர்களுக்கு ஆம்ப்ரோஸ் கைகூப்பி எழுதுவது. இங்கே நான், பிரிஜெட், உங்கள் மாப்பிள்ளை க்ளென், எம்பிராய்டரி மிஷின், அதை ஓட்டுகிற கம்ப்யூட்டர் ஆகிய அனைவரும் இந்த நிமிடம் வரை நலம். ஒக்கலிபுரத்தில் நீங்களும், சம்பந்தியம்மாவும், கௌரி பண்டிகைக்காக இன்று காலை அங்கே வந்து சேர்ந்திருக்கும் எங்கள் மருமகள் வைஷ்ணவியும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், ஒரே நேரத்தில் வைத்துவிடுகிறோம், இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. அதனால்தான் கடிதம். க்ளென் இன்று ராத்திரி மெஜஸ்டிக் ஓட்டல் டியூட்டிக்குப் போகும் வழியில் உங்கள் கையில் கொடுப்பான்.

விஷயம் இதுதான். போன மாதம் நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சம்பந்தி, எம் பொண்ணு இன்னா வேலை செய்யறான்னு எனக்கு இன்னும் புரியல. எதுத்த வூட்டுப் பொண்ணு ஆப் ஒண்ணு செஞ்சு போன்ல காட்டுது. இவ கெர்னல்ன்றா, காட்டுமான்னா காட்டறதுக்கு ஒண்ணுமில்லன்றா. நீங்க ஒரு வார்த்தை சொல்லி பேங்க் பரீட்சை எழுத வையுங்க" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இந்தக் கடிதத்தின் மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கோபப்படாமல் முழுவதும் படியுங்கள்.

எங்கள் தெருக் கோயிலில் மாதா திருவிழாவுக்கு வருடம் ஒரு குடும்பம் முறை வைத்துச் சேலை சாத்துவோம். இந்த வருடம் முறை எங்களுக்கு. தவறவிட்டால் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும், மறுபடி வருவதற்குள் நாங்கள் இருப்போமோ மாட்டோமோ. பிரிஜெட் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து காத்திருந்த முறை இது. கடைச் சேலை கூடாது, வெள்ளைப் பட்டில் கரை முழுக்க நீல லில்லிப் பூ தைத்துத்தான் சாத்துவேன் என்று பிடிவாதம். ஆனால் விரல் மூட்டெல்லாம் வீங்கி இப்போது அவளால் ஊசி பிடிக்க முடிவதில்லை. கையில் செய்ய வேண்டியதை மிஷின்தான் செய்தாக வேண்டும். கொடியேற்றத்துக்குள் சேலை கோயிலுக்குப் போயாக வேண்டும் என்கிற அந்த வாரம் பார்த்து, மிஷினை ஓட்டிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒரு முறை இருமியது, புகை விட்டது, போய்ச் சேர்ந்தது. க்ளென் எங்கிருந்தோ இன்னொரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, பழையதில் இருந்த கார்டைக் கழற்றி இதில் மாட்டினான். மிஷினின் கேபிள் அந்தக் கார்டில்தான் போய்ச் சேரும். புது கம்ப்யூட்டர் அந்தக் கார்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் கார்டை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் சாமான் கடை தேடி எஸ்.பி. ரோடுக்குப் போனேன். கடைக்காரர் அதைத் தொடக்கூட இல்லை. "தும்பா ஹளேது சார், பிசாக்கி" என்றார். ரொம்பப் பழசாம், தூக்கி எறியச் சொல்கிறார். இதை நான் வீட்டில் வந்து சொன்னதும் பிரிஜெட் பட்டை மடித்து அலமாரியில் வைத்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆபீஸ் முடிந்து வந்த வைஷ்ணவி செருப்பைக் கழற்றியதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கறுப்புத் திரையில் எதையோ தட்டினாள், படித்தாள். "மாமா, கார்டு நல்லாத்தான் இருக்குது. கார்டோட பேசத் தெரிஞ்ச டிரைவரை கம்ப்யூட்டரை உள்ளேர்ந்து ஓட்டற இந்த கெர்னல்ல சேர்க்காம வுட்டுட்டாங்க, அவ்ளோதான். நாமளே சேர்த்து புதுசா ஒரு கெர்னல் பில்ட் பண்ணிக்கலாம்" என்றாள். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் தெரியுமா? சாம்பாரில் உப்பு இல்லை, போட்டுக்கொள்ளலாம் என்பது மாதிரி. பிறகு ஒரு பட்டியலைத் திறந்தாள் பாருங்கள், சம்பந்தி, உலகத்தில் மனிதன் கம்ப்யூட்டரில் சொருகிய சாமான் அத்தனையும் அதில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்னக் கட்டம். நான் விளக்கம் கேட்டேன். "ஸ்டார் போட்டா வூட்டோட இருக்கிற ஆளு மாமா. எம்னு எழுத்து போட்டா கூப்ட்டா வர்ற ஆளு. காலியா வுட்டா அந்த ஆளே கெடையாது" என்றாள். முப்பது வருடம் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன் நான், எனக்கே ஒருத்தரும் எதையும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அதிலும் ஒரு அதிசயம். எங்கள் கார்டுக்கு வேண்டிய டிரைவர் பெயரே பட்டியலில் இல்லை. நான் பெருமூச்சு விட்டேன். அவள் விடவில்லை. தேடிப் பார்த்து, இவருக்கு மேலே பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு முதலில் ஸ்டார் போட்டால்தான் இவர் முகத்தையே காட்டுவார் என்று கண்டுபிடித்தாள். கல்யாணத்தில் உங்கள் பெரியப்பாவை அழைக்காமல் சித்தப்பா வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றாரே, அதே கதைதான். பெரியவருக்கு ஸ்டார் போட்டாள், இவர் கீழே தானாக வந்து நின்றார். நான் கைதட்டினேன். ஒவ்வொரு கட்டத்திலும் குறிப்பைத் திறந்து, இது எதற்கு, இது இல்லாவிட்டால் வேறு எது படுத்துக்கொள்ளும் என்று படித்த பிறகுதான் விரலை வைத்தாள். எங்கள் தொழிற்சாலையில் படிக்காமல் கையெழுத்துப் போட்டே மேனேஜர் ஆனவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். வேண்டாததை எல்லாம் எடுத்துவிட்டால் பில்ட் சீக்கிரம் முடியும் என்று சொல்லியிருந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்து உள்ளறைக்குப் போனாள். திரையில் பட்டியல் திறந்து கிடக்கிறது. ஸ்டோர்ஸில் என் வேலையே அதுதானே, வருடக் கடைசியில் அசையாத சரக்கைப் பார்த்துக் கழித்துக்கட்டுவது. அதற்காக என்னைப் பாராட்டி மேடையில் சால்வை போட்டிருக்கிறார்கள். சரி, பெண்ணுக்கு ஒரு கை கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். விளையாட்டுச் சாமான் டிரைவருக்கு ஸ்டார் இருந்தது, கழித்தேன். டிவி பெட்டிக்கு இருந்தது, நம் வீட்டில் டிவி தனியாக இருக்கிறது, கழித்தேன். அடுத்தது ஹார்ட் டிஸ்க். அதற்கும் ஸ்டார். இங்கேதான் நான் நிதானமாக யோசித்தேன், சம்பந்தி, கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. டிஸ்க் வேண்டியதுதான், ஆனால் எந்நேரமும் வீட்டோடு எதற்கு? தேவைப்பட்டால் கூப்பிட்டுக்கொள்ளலாமே என்று ஸ்டாரை எடுத்து எம் போட்டேன். இன்றைக்கும் சொல்கிறேன், ஸ்டோர்ஸ் முறைப்படி அதில் ஒரு தவறும் கிடையாது.

அவள் திரும்பி வந்து பில்ட் போட்டாள். முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடி வந்து பாதியில் நின்றது. கடைசி வரியில் பேனிக் என்று போட்டிருந்தது. முதலில் கம்ப்யூட்டர் பேனிக் ஆனது, அதைப் படித்து நான் ஆனேன், என் முகத்தைப் பார்த்து பிரிஜெட் ஆனாள். "இன்னாங்க பண்ணீங்க?" என்று என்னைத்தான் கேட்டாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் வந்த அறிவு. வைஷ்ணவி மட்டும் அந்த எழுத்தை நிதானமாகப் படித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து மெதுவாக, "மாமா, கூப்ட்டா வர்ற டிரைவருங்க எல்லாம் இருக்கிறதே டிஸ்க்குக்குள்ளதான். டிஸ்க்கைத் தொறக்கிற ஆளை வெளிய வராம உள்ளயே வெச்சுட்டீங்க. பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளயே வெச்சுப் பூட்டின மாதிரி" என்றாள். அதைச் சொல்லும்போது சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஆனால் பிரிஜெட்டிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "ஒண்ணுமில்ல அத்தை, ஒரு செட்டிங் மாறிடுச்சு." மாறிவிட்டது என்றாளே தவிர, மாமா மாற்றிவிட்டார் என்று சொல்லவில்லை. இந்தப் பெண்ணைப் பெற்றதற்கு உங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நான் சால்வை போட வேண்டும்.

பழைய கெர்னலை அவள் அழிக்காமல் வைத்திருந்ததால் அதில் ஏறி உள்ளே போய், நான் கழித்ததை எல்லாம் பார்த்து, டிஸ்க்குக்கு ஸ்டாரைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி பில்ட் போட்டாள். விளையாட்டுச் சாமானைக் கழித்தது சரிதான் என்று என்னைப் பாராட்டவும் செய்தாள். இந்த முறை கம்ப்யூட்டர் எழுந்தது. மிஷினில் ஒரு பழைய தலையணை உறையை மாட்டினோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஊசி ஒரு தரம் இறங்கியது, நின்றது, அப்புறம் படபடவென்று ஓட ஆரம்பித்தது. தலையணை உறையில் ஒரு நீல லில்லி மலர்ந்தது. பிரிஜெட் அதைத் தடவிப் பார்த்தாள். வைஷ்ணவியை இழுத்து நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். உங்கள் பெண் குங்குமம் வைக்கிறவள், எப்படி எடுத்துக்கொள்வாளோ என்று எனக்கு ஒரு நொடி பதறியது. அவள் இன்னும் கொஞ்சம் தலையைக் குனிந்து கொடுத்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி எழுந்து போய்விட்டேன். அந்த லில்லியை பிரிஜெட் கத்தரித்து எடுத்துத் தன் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறாள்.

கொடியேற்றத்தன்று மாதா அந்தச் சேலையில் நின்றதை நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். யார் தைத்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் பிரிஜெட், "எங்க மருமக கெர்னல் போட்டுக் குடுத்தா" என்று சொல்லிவிட்டாள். இப்போது கோயில் பெண்கள் ஜாக்கெட் துணியோடு வாசலில் நின்று, தங்களுக்கும் கெர்னல் கரை வேண்டும் என்கிறார்கள்.

ஆகவே சம்பந்தி, பேங்க் பரீட்சைப் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள். அவள் வேலையை அவளால் காட்ட முடியாது என்பது உண்மைதான். அது இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்பதை நான் பார்த்தேன். கறுப்பாக இருக்கும்.

வைஷ்ணவி ரொம்ப உழைத்துவிட்டாள். பண்டிகை முடிந்த பிறகும் உங்களோடேயே வைத்துக்கொண்டு நன்றாகச் சமைத்துப் போடுங்கள், அவசரமே இல்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமை தேர் பவனிக்கு மாதாவின் முக்காட்டு ஓரம் மட்டும்தான் பாக்கி. நாளைக்கு பிரிஜெட் பட்டனைத் தட்டினால் அதுவும் முடிந்தது. நான் இனிமேல் அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே போவதில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்திருக்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு பிரிஜெட்டின் அன்பு. மாதாவும் பெருமாளும் பேசிவைத்துக்கொண்டு நம் இரண்டு வீட்டையும் காப்பாற்றட்டும்.

என்றும் மரியாதையுடன்,
ம. ஆம்ப்ரோஸ்

பி.கு.: மேலே பண்டிகைக்குப் பிறகும் வைத்துக்கொள்ளச் சொன்னதை அடித்துவிடுங்கள். கடிதத்தை ஒட்டப் பசை தேடிக் கம்ப்யூட்டர் மேசைக்குப் போனேன். திரை திறந்திருந்தது. ஒரே பெயரில் இரண்டு கெர்னல் இருந்தன, ஒன்றின் வாலில் மட்டும் 2 என்று இருந்தது. ஒரே சரக்கு இரண்டு இடத்தில் எதற்கு என்று அந்த 2-ஐக் கழித்துவிட்டேன். உறையை ஒட்டும்போதுதான், "ரெண்டு போட்டதுதான் மாமா நம்மளுது, அதைத் தொடாதீங்க" என்று காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அதனால்தான் உறை கிழிந்திருக்கிறது. கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதற்கு விஷயம் தெரியாது. அணைத்து எழுப்பினால்தான் தெரியும். நாளைக் காலை பத்து மணியிலிருந்து எங்கள் பகுதியில் கரண்ட் கிடையாது என்று அறிவிப்பு வந்திருக்கிறது. சுவிட்சை யாரும் தொட்டுவிடாமல் நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பிரிஜெட், நான் ஜெபமாலை சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், அதையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். தயவுசெய்து வைஷ்ணவியைச் சாப்பிட்ட கையோடு ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்புங்கள். ஏன் என்று பிரிஜெட் கேட்டால், ஒரு செட்டிங் மாறிவிட்டது என்று சொல்லச் சொல்லுங்கள்.