சிவப்புத் துணி கட்டிய புடலங்காய்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.
12.03.1974

பெருமதிப்புக்குரிய மச்சான் ஆனந்தராசா அவர்களுக்கு,

மட்டக்களப்பில் நீங்களும், கண் ஆப்பரேசன் முடிந்த அக்காவும், பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, நெஞ்சுதான் காலையிலிருந்து படபடவென்று அடிக்கிறது. அக்காவைப் பார்க்க அங்கே வந்து நிற்கும் உங்கள் தங்கை, என் மனைவி பூரணி இப்போது பக்கத்தில் நின்றால், தயவுசெய்து இதை மடித்துச் சட்டைப் பைக்குள் வையுங்கள்.

பூரணி போன ஒன்பது நாளும் அடுத்த வீட்டு நபீஸா அனுப்பும் கறியில்தான் என் சீவியம் ஓடுகிறது. ஒரு நாளாவது நானும் ஒன்று சமைத்து அனுப்பாவிட்டால் மரியாதையில்லை என்று, இன்று காலை ஏறி நிற்கக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வேலியோரப் பந்தலுக்குப் போனேன். நுனியில் கல் கட்டிய புடலங்காய்கள் ஐந்தாறு தொங்கின, ஒன்றில் மட்டும் சிவப்புத் துணி. முப்பத்தொரு வருடம் துறைமுக ஸ்டோர்ஸில் இருந்தவன் நான். அங்கே சிவப்புத் துணி கட்டிய சாமான்தான் முதலில் வெளியே போகவேண்டும், மாறிக் கொடுத்தால் துரை கிழிகிழியென்று கிழிப்பார். கெட்டிக்காரி, எனக்கு விளங்கட்டும் என்று அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று பூரித்துப்போய் அதையே வெட்டினேன். கல் காலில் விழுந்து பெருவிரல் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது, அதை விடுங்கள். விதையைச் சுரண்டி நபீஸாவின் கோழிகளுக்கு எறிந்தேன், பச்சைமிளகாய் அரிந்த கையால் கண்ணைக் கசக்கி அரைமணி நேரம் குசினிக்குள் குருடனாக நின்றேன், பிறகு இரண்டாம் பாலில் அவியவிட்டு, முதற்பாலும் விட்டு, உப்புப் பேணியைத் தூக்கினேன். அடியில் ஒரு துண்டுக் காகிதம். பூரணியின் எழுத்து.

"சிவப்புத் துணி கட்டினது விதைக்கு விட்டது. அதில கை வைக்கப்படாது. மற்றதெல்லாம் சாப்பிடுங்கோ."

ஐயோ மச்சான்! அகப்பை கையை விட்டு விழுந்திட்டுது. இந்தக் காலத்தில கடையில விதை எங்க கிடக்குது? அந்த விதையை நம்பி நீங்களும் அங்க பந்தல் போட்டு வைச்சிருக்கிறீங்களாம். போன வருசம் அவளின்ர முருங்கையைத் தறிச்சதுக்குப் பதினொரு நாள் என்னோட கதைக்கேல்ல. இதுக்கு எத்தனை மாசமோ, எனக்குச் சொல்ல ஏலாது. ஒரு வாய் இறங்கேல்ல. தடயமே இருக்கப்படாதெண்டு சட்டியோட தூக்கி நபீஸாவிட்டக் குடுத்திட்டன். அந்த மனுசி சாப்பிட்டுட்டு, "ஐயா, கொஞ்சம் முத்தல் எண்டாலும் என்ன ருசி! எங்கட பந்தல்ல இப்பிடி ஒண்டு வராது" எண்டு வேலியால கத்திச் சொன்னா. எனக்கு அழுகை வந்திட்டுது.

ஆகவே, பூரணி நல்ல மனநிலையில் இருக்கும் நேரம் பார்த்து, நான் செய்த அநியாயத்தை நீங்களே மெல்ல எடுத்துச் சொல்லவேண்டும். கோணேசப் பெருமான் உங்கள் வீட்டுக்குக் குறைவில்லாத சோறும், எனக்குக் கொஞ்சம் துணிவும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
ஞானசேகரம்

பி.கு. மச்சான், பூரணிக்கு ஒன்றும் சொல்லவேண்டாம்! கடிதத்தை ஒட்டப்போன நேரம் நபீஸாவின் கூக்குரல் கேட்டுப் பந்தலடிக்கு ஓடினேன். பூரணியின் புடலங்காய் இலைக்குப் பின்னால் சிவப்புத் துணியோடு அப்படியே தொங்குகிறது. நான் வெட்டியது, வேலி தாண்டி எங்கள் பக்கம் வந்த நபீஸாவின் விதைக்காய். துணிகூட பூரணி தன் பழைய சீலையில் கிழித்துக் கொடுத்ததாம். எங்கள் விதையில் பாதியை நபீஸாவுக்குக் கொடுக்கும்படி பூரணியிடம் சொல்லுங்கள், காரணம் கேட்டால் நல்ல அயல் என்று சொல்லுங்கள். "எடுத்தவன்ர கை விளங்காமப் போகோணும், என்ன ஐயா?" என்று நபீஸா என்னிடம் கேட்டாள். சட்டியை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று அவள் நிறைத்துத் தந்த இனிப்பு வட்டிலப்பம் அந்தக் கையில்தான் இருந்தது. "ஓம்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.