வேர்க்கும் செம்பு

சாமியார் செம்பானந்தர் வருகிறார் என்றதும் தையல் கம்பெனியில் ஒரு மிஷினும் ஓடவில்லை. தெருவே திரண்டு வந்து வாசலை அடைத்தது. காணாமல் போன பட்டுச் சுருளை அவருடைய செம்பு கண்டுபிடித்துவிடுமாம்! செம்புக்குக் கண் கிடையாது. கண் இருந்தவர்களோ ஒருவரும் தேடிப் பார்க்கவில்லை.

“பொய் சொல்றவங்க கை பட்டா செம்புக்கு வேர்க்கும்!” என்றார் செம்பானந்தர். மூடி போட்ட செம்பைத் துண்டால் துடைத்துத் துடைத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்.

“அப்பா, சில்லுனு இருக்கே சாமி!”

“அதாம்மா அருள்.”

அருளுக்கு ஏன் இத்தனை குளிர் என்று யாரும் கேட்கவில்லை.

பட்டன் தைக்கும் அக்காவின் முறை வந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்து பத்தே நாள். பரிந்து பேச ஆளில்லை. இந்தத் தடவை சாமியார் செம்பைத் துடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நீளமாக முணுமுணுத்தார். செம்பின் மேல் முத்து முத்தாக நீர் அரும்பியது.

“வேர்த்துடுச்சு! வேர்த்துடுச்சு!”

“நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே,” என்றார் மேனேஜர்.

“சத்தியமா நான் எடுக்கல சார்!” அக்கா அழுதே விட்டாள்.

எதிரே இருந்த ஜூஸ் கடை அத்தைக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“ஐஸ் போட்டா என் கடை டம்ளருக்கும்தான் வேர்க்குது. அது எந்தப் பட்டைத் திருடுச்சு?”

செம்பைப் பிடுங்கித் துடைத்து ஸ்டூல் மேல் வைத்தாள். “யாரும் தொடாதீங்க. நூறு எண்ணுங்க.”

எண்பது எண்ணுவதற்குள் செம்பு நனைந்துவிட்டது.

“இப்ப பொய் சொன்னது யாரு? ஸ்டூலா?”

மூடியைத் திறந்தாள். உள்ளே ஐஸ் கட்டிகள் பாதி உருகி மிதந்தன.

“காத்துல தண்ணி ஆவியா இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. சில்லுனு இருக்கிற செம்பு மேல பட்டா அது குளிர்ந்து சொட்டுச் சொட்டா தண்ணியாயிடும். அவ்வளவுதான் அருள்!”

ஐஸைக் கொட்டிவிட்டு வெந்நீர் ஊற்றினாள். மறுபடி துடைத்தாள். நூறு எண்ணினார்கள், இருநூறும் எண்ணினார்கள். வெளியே ஒரு சொட்டு இல்லை.

“பாருங்க, செம்பு திருந்திடுச்சு!”

இப்போது வேர்த்தது செம்பானந்தருக்கு. செருப்பைக்கூட மாட்டாமல் ஓட்டம் பிடித்தார்.

அதற்கப்புறம்தான் எல்லாரும் தேடினார்கள். பட்டுச் சுருள் அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. “மன்னிச்சுக்கோம்மா, வேலைக்கு வந்துடு,” என்று அசடு வழிந்தார் மேனேஜர். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

சாமியார் துண்டால் துடைத்தது செம்பை மட்டும்தானா? கொஞ்சம் உங்கள் மூளையையும் தடவிப் பாருங்கள்!