என் மான்கொம்பு அளவுக்குப்பிகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் லூதர் ப்ரூவிட் அவர்களுக்கு,

நம் கருமருந்துத் துப்பாக்கிக் கழகத்தின் பழைய உறுப்பினன், பள்ளிப் பேருந்துப் பட்டறையில் முப்பத்தோரு வருடம் உழைத்து ஓய்வு பெற்ற வெர்லின் ஸ்டேம்ப்பர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் இப்போது தேவலை என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி ஒலேட்டாவும் உயிரோடு இருக்கிறோம், ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். பேச்சுவார்த்தைதான் இல்லை.

போன இலையுதிர் காலத்தில் தங்கள் இதழில் என் கட்டுரை ஒன்று வந்தது. துப்பாக்கிக்கு வேண்டிய சாமான்களைக் கடையில் வாங்குகிறவன் சோம்பேறி, எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தேன். அந்தக் கட்டுரையை நான் திரும்பப் பெறுகிறேன். அதில் எழுதாமல் விட்டவற்றை இப்போது எழுதுகிறேன். வெடிமருந்து வைத்துக்கொள்ள மாட்டுக்கொம்பை வேகவைத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று எழுதினேன், அதை ஒலேட்டா ஜாம் காய்ச்சும் பாத்திரத்தில் வேகவைத்தேன் என்று எழுதவில்லை. வீடு செத்த மாடு மாதிரி நாறியதில் அவள் மூன்று நாள் தங்கை வீட்டில் போய் இருந்தாள். குண்டைச் சுற்றி வைக்கக் கெட்டித் துணியை வில்லை வில்லையாக வெட்டிக்கொள்ளச் சொன்னேன், அந்தத் துணி என் மாமியாரின் தலையணை உறை என்பதையும், மாமியார் அப்போது அதில் படுக்கத்தான் வந்துகொண்டிருந்தார் என்பதையும் சொல்லவில்லை. அந்த வில்லைகளில் தடவ மாட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் உருக்கி ஒரு கிண்ணத்தில் ஆறவைத்திருந்தேன். சனிக்கிழமை வீட்டுக்கு வந்த பாதிரியார் அதை வெண்ணெய் என்று நினைத்து இரண்டு பிஸ்கட்டில் தடவிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கும்மா ஒலேட்டா" என்று பாராட்டினார். மறுநாள் பிரசங்கத்தை ஏன் பாதியில் விட்டு ஓடினார் என்று ஊரே கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நம் கழகத்தின் கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோருக்கும் பரிசு கொடுக்க ஆசைப்பட்டு, மான்கொம்பைத் துண்டாக அறுத்து, உள்ளே துளை போட்டு, ஒரு தடவைக்குச் சரியாக எழுபது கிரெயின் எடை மருந்து பிடிக்கும்படி பன்னிரண்டு அளவுக்குப்பிகள் செய்தேன். சரியாக என்றுதான் உங்களிடம் சொன்னேன். நான் துளை போட்டது டி.வி.யில் கூடைப்பந்து ஓடிக்கொண்டிருந்தபோது. நம் அணி தோற்கத் தோற்க நான் துளைக்கருவியை அழுத்தினேன்.

மார்ச் மாதப் போட்டியில் நடந்ததை நீங்கள் தூரத்திலிருந்து பார்த்தீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். ஓர்வில் நேப்பியர், ஊர் முடிதிருத்துபவர், அறுபது வருடமாக என் கூட்டாளி, தன் தாத்தாவின் பழைய துப்பாக்கியைக் கொண்டுவந்திருந்தார். என் குப்பியை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார்.

"பாத்தீங்களாய்யா? வெர்லின் கையால செஞ்சது. நீங்க எல்லாம் கடையில வாங்குன பித்தளைக் குப்பியக் கட்டிக்கிட்டு அழுங்க."

மருந்தை ஊற்றினார், குண்டை இறக்கினார், சுட்டார். சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஆனால் நம் விளையாட்டில் எப்போதும் புகைதானே, யாரும் முதலில் கவனிக்கவில்லை, ஒருவன் கைகூடத் தட்டினான். புகை விலகியபோது ஓர்வில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெர்லின், என் கையுறை எங்கியோ விழுந்திருச்சு. கொஞ்சம் தேடிப் பாருடா."

அவர் கையுறை போட்டிருக்கவில்லை, லூதர்.

அளவுக்கு மீறிய மருந்தில் பழைய குழல் வெடித்து, இடக்கையில் இரண்டு விரல் போயிற்று. இடது காதும் போயிற்று. சீப்புப் பிடிக்கிற கை அது. ஏழு வாரமாக நம் கழகத்தில் ஒருத்தனும் முடி வெட்டிக்கொள்ளவில்லை, அடுத்த ஊருக்குப் போய் வெட்டிக்கொள்ள எவனுக்கும் மனசு வரவில்லை. தேவாலயத்தில் பின் வரிசையிலிருந்து பார்த்தால் நாம் எல்லோரும் ஆட்டு மந்தை மாதிரி இருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வருகிறது, அப்புறம் வேறு ஏதோ வருகிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி மொசெல் என்னை உள்ளே விடவில்லை.

"நீங்க செஞ்சு குடுத்ததெல்லாம் போதும்ண்ணே. இனிமே எங்க வாசப்படி மிதிக்காதீங்க."

மறுவாரம் என் வீட்டு முன்னால் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. நான் கொடுத்த கொம்பு, தோல்பை, களிம்பு டப்பா எல்லாம் அதில் இருந்தன. அளவுக்குப்பியைக் காணோம்.

மீதியைத் தேடி வீடு வீடாகப் போனேன். ஒன்பது கிடைத்தன. ஒவ்வொன்றிலும் மருந்தை நிரப்பிச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்ததில் ஐந்து சரி, நான்கு பிசகு. ஒன்பதையும் அடுப்பில் போட்டேன், அந்த நாற்றத்தில் ஒலேட்டா மறுபடி தங்கை வீட்டுக்குப் போகவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு குப்பி, குளிர்காலத்தில் காலமான நம் உறுப்பினர் வர்ஜில் கோட்டுப் பையில் இருந்தபடியே அவரோடு புதைக்கப்பட்டுவிட்டது, அதனால் இனி ஆபத்தில்லை. இன்னொன்று விருந்து மேசையிலிருந்து யார் எடுத்தார்கள் என்றே தெரியவில்லை. எடுத்தவர் தயவுசெய்து அதில் மருந்து ஊற்ற வேண்டாம். இதை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். ஓர்வில் விரல்களை எடுத்தது நான்தான் என்றும் போடுங்கள். நான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

தங்கள் வீட்டாருக்கும் தங்கள் முழங்காலுக்கும் நல்ல சுகம் கிடைக்கக் கடவுளை வேண்டிக்கொள்ளும்,

வெர்லின் ஸ்டேம்ப்பர்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஓர்வில் வந்தார். மொசெல் கடைக்குப் போன நேரம் பார்த்து நாலு மைல் நடந்தே வந்திருக்கிறார். கட்டுப்போட்ட கையால் சட்டைப்பையிலிருந்து அந்தக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே துளை என் துளை இல்லை. என் கருவியில் அந்த அகலம் வராது.

"நீ கஞ்சப்பயடா. எழுபது எனக்குப் பத்தல. மேசையில கிடந்த இன்னொண்ணையும் எடுத்துட்டுப் போயி, வீட்ல வச்சுத் துளையப் பெருசா நோண்டினேன். முதல்ல நோண்டினது ஒடஞ்சு போச்சு. இது ரெண்டாவது."

"ஏண்டா இத்தன நாளா சொல்லல?"

"மொசெல் அன்னிக்கே சொன்னா, வெர்லின் அண்ணே செஞ்சபடி விடுங்கன்னு. இப்ப உம்மேல கோவமா இருக்கா, அதனால எனக்குச் சோளரொட்டிய பிட்டு ஊட்டி விடறா. என் மேல கோவம்னா நான் எங்கடா போவேன்?"

சொல்லிவிட்டு அழுதார். அவரை வண்டியில் கொண்டுபோய்த் தெருமுனையில் இறக்கிவிட்டேன், வாசல் வரை போகவில்லை.

ஆகவே, லூதர், கடிதத்தை அப்படியே போடுங்கள். மொசெல் உங்கள் இதழை ஒரு வரி விடாமல் படிக்கிறவள். இந்தப் பின்குறிப்பை மட்டும் வெட்டிவிடுங்கள்.